சஜ்தாவில் வந்த நடுக்கம்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இந்த மலரில் எழுதுகிறவர்கள் ஓதியவர்கள், படித்தவர்கள். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். நம் தீவில், ஜங்லிகாட் கடைத்தெருவில் கயிறும் வாளியும் தார்ப்பாயும் விற்கிறவன். நாலு பேர் கூடிய இடத்தில் ஸலாம் சொல்லவே எனக்குக் குரல் எழாது. எனக்கு என்ன தகுதி என்று பல நாள் தள்ளிப்போட்டேன். நமக்குத் தொழ வைக்கிற ஹஜ்ரத் விடவில்லை. "பேசத்தான் வராது, எழுதவுமா வராது?" என்றார். தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் எல்லோருக்கும் என் ஸலாம்.

விஷயம் என் இதயத்தைப் பற்றியது.

நம் பள்ளிவாசலுக்கு வருகிறவர்களுக்கு என் பெயர் தெரியாது. சைக்கிள் பாய் என்றால் தெரியும். இருபது வயதிலிருந்து சைக்கிள் ஓட்டுகிறேன். கடைக்குப் போகிற சைக்கிள் இல்லை. தூரம் ஓட்டுகிற சைக்கிள். சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பினால் சிடியாடாப்பு போய் வந்துதான் கடையைத் திறப்பேன். விடுமுறை நாளில் வண்டூர் போய், அங்கிருந்து திரும்பி, இன்னொரு பக்கம் போய், சாயங்காலம் அஸர் வரைக்கும் ஓட்டுவேன். பெரியவர்கள் பிரிவில் சில போட்டிகளிலும் ஓட்டியிருக்கிறேன். கூட வருகிறவர் தபன்தா. கடைக்குப் பக்கத்தில் மரவேலை செய்கிற பெங்காலி. என்னைவிடப் பேச்சு அதிகம். என்னைவிட வேகம் குறைவு.

என் நாடி எப்போதும் மெதுவாகத்தான் இருக்கும். ஒருமுறை ரத்த தான முகாமில் என் கையைப் பிடித்துப் பார்த்த நர்ஸ், "பாய், உயிரோடதான் இருக்கீங்களா?" என்று கேட்டாள். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இதயம் பலமாகி மெதுவாக அடிக்கும் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அத்தா மவுத்தான பிறகு எனக்கு உள்ளே ஒன்றும் தோன்றுவதில்லை. ஜனாஸாவை எடுக்கும்போது எல்லோரும் அழுதார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். அன்றிலிருந்து அப்படித்தான். மகளின் நிக்காஹ் அன்றும் அப்படித்தான். தொழுதேன், ஒரு நேரமும் விடவில்லை. ஆனால் மரக்கட்டை குனிந்து நிமிர்வதுபோல இருக்கும். அல்லாஹ்வின் பெயரைக் கேட்டால் நல்லடியார்களின் உள்ளம் நடுங்கிவிடும் என்று ஹஜ்ரத் பயானில் சொல்லுவார். நான் தூணோரமாக உட்கார்ந்து கேட்பேன். எனக்கு ஏன் நடுங்கவில்லை என்று நினைப்பேன். பல வருடமாக என் துஆ அது ஒன்றுதான். "யா அல்லாஹ், உன் முன்னால் நிற்கும்போது என் உள்ளத்தை நடுங்க வை." வேறு எதுவும் கேட்டதில்லை.

போன வருடத்துக்கு முந்தின வருட ரமளான். நோன்பிலும் நான் சைக்கிளை விடவில்லை. நோன்பு திறக்கிற மஃக்ரிபுக்கு முன்னால் ஒரு சுற்று ஓட்டிவிட்டு, தொண்டை வறண்டு வந்து, ஐஸ் போட்ட ரோஸ் சர்பத்தை ஒரே மூச்சில் குடிப்பேன். "மச்சான், மெதுவாக் குடிங்க, கிளாஸ் எங்கேயும் ஓடிராது" என்பாள் என் மனைவி ஜொஹரா. பிறகு கஞ்சி, சமோசா. பிறகு இரவில் தராவீஹ் தொழுகை.

அப்படி ஒரு நாள் தராவீஹில், சஜ்தாவில், நெற்றி பாயில் பட்டிருக்கிறது. நெஞ்சுக்குள்ளே நடுங்கியது.

முதலில் நம்பவில்லை. வேகமாக அடிப்பது வேறு, அது எனக்குத் தெரியும், மேடு ஏறும்போது அடிக்கும். இது அப்படி இல்லை. காற்றில் தார்ப்பாய் படபடப்பதுபோல, தாளமே இல்லாமல். நிமிர்ந்தேன், இருந்தது. மறுபடி சஜ்தாவுக்குப் போனேன், இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தா மவுத்துக்கு வராத தண்ணீர்.

கேட்டது கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. நோய் என்றால் சொல்லியிருப்பேன். இது வணக்கத்தில் கிடைத்த பாக்கியம். வெளியே சொன்னால் ஊர் மெச்சச் செய்கிற முகஸ்துதியாகிவிடும், கொடுத்தவன் திரும்ப எடுத்துக்கொள்வான் என்று பயந்தேன். ஜொஹராவிடம்கூடச் சொல்லவில்லை. அந்த ரமளான் முழுவதும் வந்தது, போனது. வந்த நாளில் இரண்டு ரக்அத் கூடுதலாகத் தொழுதேன்.

பெருநாள் முடிந்ததும் நின்றுவிட்டது.

மறுபடி மரக்கட்டை. நான் என்ன தவறு செய்தேன் என்று யோசித்தேன். பிறகு ஒரு நாள் வண்டூரிலிருந்து கடும் வெயிலில் வந்து, தண்ணீர் குடித்துவிட்டு அஸர் தொழுதபோது திரும்ப வந்தது. அப்போது எனக்குப் புரிந்ததாக நினைத்தேன். உடம்பு நொந்தால்தான் உள்ளம் பணியும். நோன்பில் நொந்தது, வந்தது. இப்போது சைக்கிளில் நொந்தது, வந்தது. ஆகவே இன்னும் தூரம் ஓட்டினேன். இன்னும் வேகமாக ஓட்டினேன். இறங்கியதும் ஐஸ் தண்ணீர், கை கால் கழுவி ஒளு, தொழுகை. பெரும்பாலும் வந்தது. சைக்கிள் பையில் ஒரு கைலி வைத்திருப்பேன், இறுக்கமான கால்சட்டைக்கு மேல் கட்டிக்கொண்டு தொழ. அந்தக் கைலியைத் தொட்டாலே எனக்கு ஒரு எதிர்பார்ப்பு வந்துவிடும்.

இடையில் மேட்டில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. முன்பு பேசிக்கொண்டே ஏறுகிற மேடு. தபன்தா என்னை முந்தினார். "க்யா பாய், புட்டா ஹோ கயா?" என்று கிண்டல் செய்தார். வயசாகிவிட்டதுதான் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அந்த நாளைச் சொல்கிறேன். மழைக்காலம் முடிந்து வெயில் திரும்பியிருந்த நேரம். நானும் தபன்தாவும் சாத்தம் படகு ஜெட்டியிலிருந்து சைக்கிளோடு ஃபெர்ரி ஏறி பேம்பூஃப்ளாட் போனோம். அந்தப் பக்கத்து மலைப் பாதையில் ஓட்டிவிட்டு அஸருக்குத் திரும்புவது திட்டம். திரும்பும் வழியில் காட்டுக்குள் ஒரு வளைவு இருக்கிறது. ஓரத்தில் ஊற்றுத் தண்ணீர் வரும். போனில் சிக்னல் கிடைக்காது, வண்டி அதிகம் வராது. தபன்தாவை முன்னால் அனுப்பிவிட்டு அங்கே நான் தனியாகத் தொழுவது வழக்கமாகியிருந்தது. அவர் ஜெட்டிக்குப் போய் முதலில் வருகிற ஃபெர்ரியில் போய்விடுவார். நான் அடுத்ததில் வருவேன். அன்று காலையிலும் அதையே துஆ செய்தேன். "யா அல்லாஹ், இன்றைக்கும் அந்த இடத்தில் என்னை உன்னோடு தனியாக விடு."

அந்த வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் தபன்தாவின் சைக்கிள் செயின் அறுந்தது.

எனக்குக் கோபம் வந்தது. அவரைத் திட்டவில்லை, எனக்குத் திட்ட வராது. ஆனால் முகத்தில் தெரிந்திருக்கும். "செயின்கிட்ட கோபிச்சுக்கோ, என்கிட்ட வேண்டாம்" என்று ஹிந்தியில் சொன்னார். மாற்றுகிற கருவி எங்களிடம் இல்லை. ஏற்றத்தில் தள்ளினோம், இறக்கத்தில் அவர் சும்மா உருண்டு வந்தார், சமதளத்தில் நான் அவர் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே ஓட்டினேன். அவரைத் தனியாக முன்னால் அனுப்ப முடியாமல் அந்த ஊற்றை நிற்காமலே தாண்டினோம். நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கேட்ட ஒரு சின்ன விஷயம் கிடைக்கவில்லையே என்று இருந்தது.

ஜெட்டியில் ஐஸ் போட்ட கரும்புச்சாறு குடித்தேன். ஃபெர்ரி ஏறினோம். அஸர் நேரம் போய்க்கொண்டிருந்தது. மேல்தளத்தில் ஒரு மூலையில் கைலியைக் கட்டிக்கொண்டு, துண்டை விரித்து நின்றேன். தபன்தா பக்கத்தில் செருப்புக்குக் காவல்.

முதல் சஜ்தாவில் வந்தது. எப்போதும் வருவதைவிடப் பலமாக. நான் எழவில்லை. அப்படியே கிடந்தேன். இஞ்சின் சத்தம் இரும்புத் தரை வழியாக நெற்றியில் ஏறியது. அதன் நடுவிலும் உள்ளே படபடப்பது கேட்டது. பிறகு திடீரென்று அது நின்றது. ஒன்றுமே அடிக்கவில்லை. நிமிர்ந்தேன். கடல் கறுப்பாகியது.

கண்ணைத் திறந்தபோது தபன்தா என் மேல் குனிந்திருந்தார். விழுந்த பிறகு மறுபடி படபடப்பு ஆரம்பித்திருக்கிறது. அவர் கை என் நெஞ்சில் இருந்தது.

"யே க்யா ஹை பாய்? அந்தர் மச்லி கூத் ரஹா ஹை!" என்றார். உள்ளே மீன் துள்ளுகிறதாம்.

"யாருகிட்டயும் சொல்லாதீங்க தாதா" என்றேன். "இது தொழும்போது வர்றது. எனக்குக் கிடைச்சது."

அவர் என்னையே பார்த்தார். "பாகல் ஹை க்யா? பைத்தியமா நீ? நானும் பூஜை பண்றேன், எனக்கு மீன் வராது." பிறகு எழுந்து நின்று ஃபெர்ரி முழுவதுக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். நான் ஒளித்து வைத்ததை அத்தனை பேரும் கேட்டார்கள். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். யாரோ சாத்தத்தில் ஆட்டோ தயாராக இருக்கச் சொல்லி போன் செய்தார்கள். அப்போது நான் பயப்பட்டிருக்க வேண்டும். பயம் வரவில்லை. ஒன்றும் வரவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மனசுக்குள் ஒன்றுதான் சொன்னேன். "வீட்டுக்குப் போகிற அளவுக்கு மட்டும் விடு." அவ்வளவுதான் என் துஆ. உருகிக் கேட்கவில்லை. கடையில் ஒரு முழம் கயிறு கேட்கிற மாதிரிதான் கேட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் படபடப்பு தானாக அடங்கிவிட்டது. இ.சி.ஜி. எடுத்தார்கள். நாடி மெதுவாக இருந்தது, மற்றபடி குறை தெரியவில்லை. இதய நோய் பார்க்கும் டாக்டரம்மா மலையாளி, நன்றாகத் தமிழ் பேசினார். அதற்குள் ஜொஹரா வந்துவிட்டாள்.

"இது எப்பல்லாம் வரும்?" என்று டாக்டரம்மா கேட்டார்.

சொன்னேன். "தொழும்போது."

"வேற நேரத்துல?"

"வராது. தொழும்போது மட்டும்தான்."

ஜொஹரா குறுக்கே வந்தாள். "டாக்டரம்மா, இவரு மத்த நேரத்துல எங்க சும்மா இருக்காரு? சைக்கிள்ல இருப்பாரு, இல்லாட்டி கடையில மூட்டை தூக்குவாரு. தூங்கறதத் தவிர, உடம்பு ஆடாம இருக்கறது தொழுகையில மட்டும்தான்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "அதேதான்" என்றார். பல வருடம் கடுமையாக ஓட்டுகிறவர்களுக்கு இதயத்தின் மேல் அறைகள் பெரிதாகிவிடுவது உண்டாம். அவர்களில் சிலருக்கு, ஓட்டும்போது இல்லாமல், ஓட்டி முடித்து உடம்பு ஓய்வுக்குப் போகும்போது தாளம் தப்புமாம். வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும், மிகக் குளிர்ந்ததைக் குடித்த பிறகும் வருமாம். நான் நோன்பு திறந்ததை அவர் பக்கத்தில் இருந்து பார்த்ததுபோல் இருந்தது.

"நிச்சயமாத் தெரியணும்" என்று சொல்லி நெஞ்சில் கம்பிகள் ஒட்டி ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டார். மறுநாள் வரைக்கும் அது இருக்க வேண்டும். இதயம் எப்படி அடிக்கிறது என்பதை அது பதிந்துகொண்டே இருக்கும். வழக்கமாகச் செய்வதைச் செய்யலாம், சைக்கிள் மட்டும் கூடாது என்றார்.

வீட்டுக்கு வந்து இரவு இஷா தொழ நின்றேன். சட்டைக்குள் அந்தப் பெட்டி. இது எனக்கு அல்லாஹ் கொடுத்ததா, நோயா என்று அதற்குத் தெரிந்துவிடும். வாழ்க்கையில் முதல் தடவையாக, தொழுகையில் அது வராமல் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். வந்தால் பெட்டிக்குத் தெரிந்துவிடுமே.

கடைசி ரக்அத்தில் வந்தது.

மறுநாள் பெட்டியைக் கொடுத்தோம். டாக்டரம்மா திரையில் காட்டினார். ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கோடு ஓரிடத்தில் குலைந்து கிறுக்கலாகியிருந்தது. "பாருங்க, மேல் அறை துடிக்கவே இல்ல. சும்மா நடுங்குது." பிறகு இன்னொன்றும் சொன்னார். நடுக்கம் நிற்கிற இடத்தில் என் இதயம் திரும்ப அடிக்க நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்த இடைவெளியில்தான் ஃபெர்ரியில் விழுந்திருக்கிறேன். "தனியா எங்கயாவது விழுந்திருந்தா?" என்று கேட்டார். நான் அந்த ஊற்றை நினைத்தேன்.

வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினோம். ஜொஹரா சொன்னாள். "மச்சான், நெஞ்சு நடுங்குனா மத்தவங்க டாக்டர்கிட்ட போவாங்க. நீங்க ரெண்டு ரக்அத் கூடத் தொழுதீங்க." சிரிக்கப் பார்த்தாள். அழுதுவிட்டாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை.

அடுத்த மாதங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. கடுமையாக ஓட்டுவதை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினேன். ஐஸ் நின்றது. நாடி ஏற்கெனவே மெதுவாக இருந்ததால் வழக்கமான மாத்திரைகளைக் கொடுக்க யோசித்தார்கள். நடுக்கம் குறைந்தது, ஆனால் போகவில்லை. பிறகு தீவை விட்டு மெயின்லேண்ட் போகச் சொன்னார்கள். சென்னையில் தொடை ரத்தக் குழாய் வழியாக இதயம் வரைக்கும் கம்பி விட்டு, தாளத்தைக் கெடுக்கிற இடங்களைச் சுட்டுச் சரிசெய்வார்களாம்.

போவதற்கு முன்னால் ஹஜ்ரத்தைப் பார்த்தேன். கேட்கக் கூச்சமாக இருந்தும் கேட்டுவிட்டேன். "ஹஜ்ரத், அது அல்லாஹ் கொடுத்ததா, நோயா?"

"எனக்குத் தெரியாது பாய்" என்றார். பிறகு மெதுவாக, "நான் பயான்ல சொல்றதக் கேட்டு நீங்க இத்தனை வருஷம் நெஞ்சுல கை வச்சுப் பாத்துக்கிட்டே இருந்தீங்களா? எனக்கே பல நாள் நடுங்காது. நடுங்காமத்தான் தொழ வைக்கிறேன்" என்றார். எனக்காக துஆ செய்தார். வெள்ளிக்கிழமை நீங்கள் எல்லோரும் ஆமீன் சொன்னீர்கள். யாருக்காக என்று பலருக்குத் தெரிந்திருக்காது. எனக்காகத்தான்.

சென்னையில் அந்தச் சிகிச்சை முடிந்த பிறகு காலை மடக்கக் கூடாது, மல்லாந்தே கிடக்க வேண்டும் என்றார்கள். லுஹரும் அஸரும் படுத்தபடி தலையசைத்துத் தொழுதேன். சஜ்தா இல்லை. நெற்றி எதிலும் படவில்லை. மேலே மின்விசிறி. உள்ளே எல்லாம் அமைதி. நான் அழித்துவிட்டேனோ என்று ஒரு எண்ணம் வந்தது. எத்தனையோ வருடம் கேட்டுக் கிடைத்ததைக் கம்பியை விட்டுச் சுட்டு அழித்துவிட்டேனோ என்று. அப்போது என் துஆ இதுதான். "நீ கொடுத்தது எது, நோய் கொடுத்தது எது என்று பிரிக்க எனக்கு அறிவு இல்லை. இந்தக் காய்ந்த தொழுகைதான் என்னிடம் மிச்சம். இதையே எடுத்துக்கொள்." சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டேன். நன்றாகத் தூங்கினேன்.

அங்கே பெரிய டாக்டர் கேட்டார், ஒவ்வொரு தடவையும் எப்போது வந்தது, எப்போது போனது என்று எப்படி இவ்வளவு தெளிவாகச் சொல்கிறீர்கள் என்று. சைக்கிள் ஓட்டுகிறவர்கள் பலர் களைப்பு என்று விட்டுவிடுவார்களாம், தெரியும்போது காலம் கடந்திருக்குமாம். நான் காத்துக்கொண்டிருந்தேன் டாக்டர், அதனால் தெரியும் என்றேன். என்ன சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்திருக்காது.

சகோதரர்களே, சகோதரிகளே, நான் கேட்டவற்றை யோசித்துப் பார்க்கிறேன். உள்ளம் நடுங்க வேண்டும் என்று கேட்டேன். அதற்கு என்ன பதில் வந்தது என்று ஹஜ்ரத்துக்கே தெரியவில்லை, எனக்கு எப்படித் தெரியும்? காட்டில் தனியாக விடு என்று கேட்டேன். அதற்குப் பதில், ஒரு செயின் அறுந்தது. வீட்டுக்குப் போகிற அளவுக்கு விடு என்று கேட்டேன். விட்டான். உருகிக் கேட்டதை விட்டுவிட்டு, உயிரில்லாமல் கேட்டதைக் கொடுத்தான். மறுத்ததிலும் என்னைக் காப்பாற்றினான். அல்ஹம்துலில்லாஹ்.

இப்போது மாத்திரையும் குறைந்துவிட்டது. ஓட்டலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார், ஆனால் அளவோடு. பேசிக்கொண்டே ஓட்ட முடிகிற வேகம்தான் என் வேகம். தனியாகப் போவதில்லை. போட்டி இல்லை. நோன்பு வைத்துக்கொண்டு சைக்கிள் தொடுவதில்லை. தண்ணீரை நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கிறேன். சர்பத் ஜக்கை ஜொஹரா தன் கையிலேயே வைத்துக்கொண்டு, ஐஸ் இல்லாமல் பாதி கிளாஸ்தான் ஊற்றுகிறாள்.

உங்களில் யாருக்காவது தொழுகையில் ஒன்றும் தோன்றாமல் இருந்தால், விட்டுவிடாதீர்கள். நில்லுங்கள். நானும் உங்கள் பக்கத்தில், தூணோரமாக, அப்படித்தான் நிற்கிறேன். நெஞ்சு நடுங்கினால் அல்லாஹ்வைப் புகழுங்கள். புகழ்ந்துவிட்டு வீட்டில் சொல்லுங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். நோயை மறைப்பது அடக்கம் இல்லை. எனக்கு அது தெரிய ஒரு ஃபெர்ரி முழுக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

போன வாரம் நானும் தபன்தாவும் மறுபடி பேம்பூஃப்ளாட் போனோம். ஸ்கூட்டரில் காய்கறி கொண்டுபோகிறவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லோரும் எங்களை முந்திப் போனார்கள். தபன்தா ஒவ்வொருவருக்கும் கை காட்டி, "ஜாவ் ஜாவ், ஹம் தோ பாராத் மே ஹைன்" என்றார். கல்யாண ஊர்வலத்தில் போகிறோமாம். அந்த ஊற்றுப் பக்கம் நிறுத்தினேன். ஒளு செய்தேன். கைலியைக் கட்டிக்கொண்டு துண்டை விரித்தேன். தபன்தா போகவில்லை. என் செருப்புக்குப் பக்கத்தில், புதுச் செயின் போட்ட சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சஜ்தாவில் கொஞ்சம் அதிக நேரம் இருந்தேன். காதில் கேட்டது. மெதுவாக, ஒழுங்காக, ஒன்று, பிறகு ஒன்று. வேறு எதுவும் இல்லை. ஸலாம் கொடுத்துத் திரும்பினேன்.

"குச் ஹுவா?" என்று கேட்டார் தபன்தா. ஏதாவது ஆச்சா?

"குச் நஹீன் ஹுவா" என்றேன். ஒன்றும் ஆகவில்லை.

"பஹுத் அச்சா" என்று சொல்லிச் செருப்பை என் பக்கம் தள்ளினார்.

மறுநாள் மழை. சைக்கிளை எடுக்கவில்லை. கடையைத் திறந்தேன். இரண்டு தார்ப்பாய் விற்றது.